கால் முன்னே பிறந்தவள்

சேவூர், ஆரணி
5.7.1998

அன்புள்ள அண்ணிக்கு மதிவதனி எழுதிக்கொண்டது.

இங்கே அத்தை, உங்கள் தம்பி, நான், வயிற்றில் இருப்பது எல்லோரும் சௌக்கியம். அண்ணனும் பானுவும் நீங்களும் எப்படி இருக்கிறீர்கள்? பூனாவில் மழை கொட்டுவதை டிவியில் காட்டினார்கள். பானுவைச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. வாந்தி நின்றுவிட்டது, பசிதான் நிற்கவில்லை. அத்தை என்னைத் தறிப் பக்கமே விடுவதில்லை. தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் வயிறு அழுந்துமாம். நூல் சுற்றுகிற வேலை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அதையும் உங்கள் தம்பி பிடுங்கிக்கொண்டு, "நீ போய் படு" என்கிறார். படுத்துப் படுத்து எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆடி போனதும் ஆவணியில் வளைகாப்பு வைக்கலாம் என்று பேசியிருக்கிறார்கள். அத்தை நேற்று என் அம்மாவிடம், "மொத வளையல எம்பொண்ணுதான் போடணும், அவளுக்குத் தம்பி பொண்டாட்டி வேற யாரு இருக்கா" என்று சொன்னார்கள். இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் இந்த இன்லேண்டே வாங்கினேன்.

எதிர்வீட்டுப் பச்சையப்பன் மாமா தறியிலிருந்து எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு நாலு நாளாக வில்லாக நடக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அபிதா எப்பம்மா வருது? இந்தத் தெருவுல கால் முன்ன பொறந்தது அது ஒண்ணுதான். அத மில்ட்ரி பேக்டரிக்காரன் இட்டுகினு பூட்டான், எங்க இடுப்பெல்லாம் அம்போன்னு கெடக்குது" என்கிறார். பொங்கலுக்கு வந்தபோது நான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டு நீங்கள் வாசப்படியில் படுக்கவைத்து மிதித்துவிட்டீர்களே, அதற்கப்புறம் எனக்கு இடுப்பு வலி என்பதே இல்லை.

அண்ணனுக்கு என் வணக்கம். பானுவுக்கு முத்தம். பதில் போடுங்கள்.

மதிவதனி


கட்கி, பூனா
18.7.1998

மதிக்கு, அண்ணி அபிதகுசாம்பாளின் ஆசீர்வாதம். என் முழுப் பேரையும் எழுதிப் பார்த்து நாளாகிறது. இங்கே யாருக்கும் அது வாயில் நுழைவதில்லை.

நாங்கள் மூவரும் நல்லபடி இருக்கிறோம். பானுவுக்குச் சளியும் இல்லை, படிப்பும் இல்லை. மழை விட்டால் விளையாட்டு, விடாவிட்டால் டிவி. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கச் சொல். தேய்க்க மாட்டாள், எண்ணெய் பாழ் என்பாள். நீ பிடித்து உட்காரவைத்துத் தேய்.

பச்சையப்பன் மாமாவிடம் சொல், மருந்துக்கடையில் பிளாஸ்திரி விற்கிறான் என்று. உனக்குத் தெரியாது மதி, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் யாராவது ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். பையை இறக்கி வைப்பதற்குள், "மிதிம்மா, புண்ணியமாப் போவும்" என்பார்கள். மூன்று தரம் காலால் தடவி மிதித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். என் கால் அவர்கள் இடுப்புக்கு ஆகும். ஆனால் தெருவில் ஒரு வளைகாப்பு என்றால் என்னைச் சந்தனத் தட்டைத் தொட விடமாட்டார்கள். நான் காலை நீட்டிக்கொண்டு வந்ததில் அம்மா இரண்டு நாள் உயிருக்குக் கிடந்து பிழைத்தவள் இல்லையா, அதனால் வயிற்றுக்காரி பக்கத்தில் நான் போகக்கூடாது. கல்யாணமாகி, பானுவைச் சுகமாகப் பெற்ற பிறகும் அதே கதைதான். யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். தட்டு என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போகும், அவ்வளவுதான்.

அதனால் முதல் வளையல் நான் போடவேண்டும் என்று அம்மாவே சொன்னாள் என்று நீ எழுதியிருந்ததை நான்கு தரம் படித்தேன். இவர் சாப்பிட உட்கார்ந்தார், அவருக்கும் படித்துக் காட்டினேன். "சரி சரி, சோத்தப் போடு" என்றார். ஆனால் மறுநாளே லீவு சொல்லிவிட்டு வந்தார்.

நாள் குறித்ததும் எழுது. டிக்கெட் எடுக்க வேண்டும். ஆரணிக்காரிக்குப் பட்டுப்புடவை வாங்கிவர நான் பைத்தியம் இல்லை. இங்கே பச்சைக் கண்ணாடி வளையல் ரொம்ப விசேஷம். உன் கை அளவுக்கு அனுப்பு.

அபிதா


சேவூர்
9.8.1998

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு மதிவதனி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். அங்கே உங்கள் எல்லோருடைய நலமும் அறிய விருப்பம்.

வளைகாப்பு செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை என்று குறித்திருக்கிறார்கள். போன வாரம் ஆரணியில் ஸ்கேன் எடுத்தோம். குழந்தை உட்கார்ந்த வாக்கில் இருக்கிறதாம். தலை மேலே, கால் கீழே. இன்னும் நாள் இருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். கவலைப்பட ஒன்றும் இல்லை.

நீங்கள் அவ்வளவு தூரத்திலிருந்து சிரமப்பட்டு வர வேண்டாம் அண்ணி. பானுவுக்குப் பரீட்சை நேரமாக இருக்கும். அண்ணனுக்கும் லீவு எடுத்தால் கஷ்டம். குழந்தை பிறந்த பிறகு நிதானமாக வந்து பார்க்கலாம் அல்லவா?

அத்தைக்கு முட்டிவலி பரவாயில்லை.

மதிவதனி


கட்கி
16.8.1998

மதிக்கு ஆசீர்வாதம்.

கடிதம் வந்தது. என்ன, திடீரென்று "அவர்களுக்கு" போட்டு எழுதியிருக்கிறாய்? பானுவுக்கு இப்போது எந்தப் பரீட்சையும் இல்லை. இவருக்கு லீவு கிடைத்துவிட்டது. டிக்கெட்டும் எடுத்தாயிற்று. புதன்கிழமை ஏறினால் வியாழக்கிழமை அரக்கோணத்தில் இறங்கி, பஸ் பிடித்து விளக்கு வைப்பதற்குள் வீட்டில் இருப்போம்.

கை அளவு கேட்டிருந்தேன், நீ அனுப்பவில்லை. நானே குத்துமதிப்பாக வாங்கிவிட்டேன். பிரசவம் நெருங்கினால் கை உப்பும், அதனால் கொஞ்சம் பெரிதாகவே.

குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்று எழுதியதைப் படித்தேன். பயப்படாதே. இங்கே பக்கத்துக் குவார்ட்டர்ஸில் நர்ஸ் வேலை செய்கிற மராத்திக்கார அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். கடைசி மாதத்தில் கூடத் தானாகத் திரும்பிவிடும் என்கிறாள். திரும்பாவிட்டால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள், இந்தக் காலத்தில் யாரும் இரண்டு நாள் கிடக்க வேண்டியதில்லை என்றாள். யாராவது எண்ணெய் தடவித் திருப்புகிறேன் என்று வந்தால் மட்டும் வயிற்றைக் காட்டாதே. அது ரொம்ப ஆபத்து என்று இரண்டு தரம் சொன்னாள்.

அம்மா என்ன சொல்கிறாள்? நீ எழுதவே இல்லையே. அவளுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்து பயந்திருப்பாள். நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

அபிதா


சேவூர்
21.8.1998

அன்புள்ள அக்காவுக்குக் குமரேசன் எழுதுவது.

நாங்கள் நலம். மாமாவையும் பானுவையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அக்கா, எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் பச்சையப்பன் மாமா வீட்டுப் போனில்தான் பேச வேண்டும், தெருவே காது கொடுத்துக் கேட்கும். அதனால் எழுதுகிறேன். கோபப்படாதே.

நீ வளைகாப்புக்கு வரவேண்டாம் என்று அம்மா சொல்கிறார்கள். மதி எப்படியோ சுற்றி வளைத்து எழுதிப் பார்த்தாள், நீ புரிந்துகொள்ளவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று நீ எழுதியதும் அம்மா என்னை எழுதச் சொல்லிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். ஸ்கேனில் கால் கீழே இருக்கிறது என்றதும், துணைக்குப் போயிருந்த பச்சையப்பன் மாமா வீட்டு ராஜம்மாள் அத்தை, "பொங்கலப்போ அபிதா இவ இடுப்புல மிதிச்சிகினு இருந்தத நான் பாத்தேன், அப்பவே வயித்துல தங்கியிருக்கும்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா மதியைக் கேட்டார்கள். மதி, தான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் நீதான் படுக்கவைத்து மிதித்தாய் என்று சொன்னாள். உன் கால் பட்டதால்தான் குழந்தையும் கால் முன்னே வருகிறது என்று அம்மாவுக்கு மனதில் விழுந்துவிட்டது. "என்ன பாடு படுத்தினா அவ. இவளும் அந்தப் பாடு படணுமா" என்று ராத்திரியெல்லாம் புலம்புகிறார்கள்.

நான் இதையெல்லாம் நம்பவில்லை. ஆனால் மாசமாக இருக்கிறவள் விஷயம், நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் எனக்குச் சொல்ல வாய் இருக்காது. நீ ஏன் அக்கா மிதித்தாய்? அவள்தான் வேண்டாம் என்றாளாமே.

மாமாவிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

குமரேசன்


கட்கி
28.8.1998

தம்பி குமரேசனுக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் கடிதம் கிடைத்தது. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

ஆமாம், நான்தான் மிதித்தேன். அவள் வயிற்றில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தப்புதான். நான் வளைகாப்புக்கு வரவில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க இவர் போயிருக்கிறார். பானுவுக்கு அம்மை மாதிரி இருக்கிறது என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளுங்கள். இவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். என்னால் வேறு காரணம் ஜோடிக்க முடியவில்லை.

வளையலை வேலூர் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கண்ணாடிதானே, அதற்கு என் கால் தெரியாது. ஆனாலும் வேண்டாம் என்று அம்மா நினைத்தால் போடவேண்டாம்.

மதியை யாரும் இது விஷயமாக ஒன்றும் கேட்கக்கூடாது. அவள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கட்டும்.

அபிதா


கலசப்பாக்கம்
11.9.1998

அண்ணிக்கு மதி எழுதுவது.

நான் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பானுவுக்கு அம்மை எப்படி இருக்கிறது என்று கேட்க வந்து, அது பொய் அம்மை என்று ஞாபகம் வந்தது. அந்தப் பொய்யையும் நீங்கள் எனக்காகத்தான் சொன்னீர்கள்.

அண்ணி, உங்கள் கடிதத்தை வளைகாப்புக்கு முதல்நாள் உங்கள் தம்பி அத்தைக்குப் படித்துக் காட்டினார். நானும் அங்கேதான் இருந்தேன். "ஆமாம், நான்தான் மிதித்தேன்" என்று அவர் படித்ததும் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ராஜம்மாள் அத்தை என் தலையைத் தடவி, "நீ என்ன பண்ணுவ, வாயில்லாப் பூச்சி" என்றார்கள். நான் அப்படியே தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் பந்தலில் உட்காரவைத்து ஆளுக்கு ஆள் வளையல் போட்டார்கள். முதல் வளையல் யார் போடுவது என்று பேச்சு வந்தபோது அத்தை உள்ளே போய்விட்டார்கள். கடைசியில் என் சித்தி போட்டாள். உங்கள் பச்சை வளையலை நான் பெட்டியில் வைத்திருக்கிறேன். போட்டுக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை.

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை அண்ணி. ஸ்கேன் எடுத்த இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அத்தைக்கு முகமெல்லாம் வேர்த்து, "யாருடி மிதிக்கச் சொன்னது? நீ கேட்டியா?" என்றார்கள். பொங்கலுக்கு எனக்கு நாள் தள்ளியிருந்தது. எனக்குத் தெரியும். முன்னே ஒரு தரம் அப்படித் தள்ளி, எல்லோரிடமும் சொல்லி, பிறகு இல்லை என்று ஆனதே, அந்த வெட்கத்தில் இந்தத் தரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. உங்களிடமும் சொல்லாமல்தான் மிதிக்கச் சொன்னேன். அதை நினைத்ததும் பயந்துபோய், "நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்று வந்துவிட்டது. ஒரு தரம் சொன்ன பிறகு திரும்ப எடுக்கத் தெரியவில்லை.

நாலு நாள் முன்னே திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் தனியாக இருக்கும்போது கேட்டேன். அவர்கள் சிரித்துவிட்டார்கள். "அப்ப அது அரிசி சைஸ் கூட இருந்திருக்காதும்மா. அத மிதிச்சு எங்க திருப்பறது? எட்டு மாசம் வரைக்கும் கொழந்த உள்ள சுத்திகினே இருக்கும். பெரும்பாலும் கடைசியில தல கீழ வந்துடும், சிலது வராது. யார் காலும் காரணம் இல்ல" என்றார்கள். குழந்தை இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறது. ஆபரேஷன் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நீங்கள் மிதித்ததால் ஒன்றும் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே, சேவூரிலிருந்து வந்திருந்த அத்தை உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சொன்னதைச் சொல்லலாம் என்று போனேன். "ஆபரேஷன்தானாம்" என்று மட்டும் சொன்னேன்.

நான் கெஞ்சினேன் என்று நீங்கள் ஏன் எழுதவில்லை? எழுதியிருந்தால் என்னைத் திட்டியிருப்பார்கள், அதோடு போயிருக்கும். என்னைத் திட்டியாவது ஒரு பதில் போடுங்கள்.

மதி


கலசப்பாக்கம்
19.9.1998

அண்ணிக்கு,

எல்லோரும் நலமா? என் கடிதம் வந்து சேர்ந்ததா? தபால்காரரைத் தினமும் கேட்கிறேன். உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஆபரேஷன் 25ஆம் தேதி. பயமாக இருக்கிறது. வயிற்றுக்கு மேலே, விலாப் பக்கம், உருண்டையாகத் தலை தட்டுப்படுகிறது. கை வைத்தால் நகர்கிறது. நேற்று அத்தை வந்திருந்தார்கள். எண்ணெய் தடவித் திருப்புகிற ஒரு அம்மாளைக் களம்பூரிலிருந்து கூட்டிவந்தார்கள். உங்கள் கடிதம் ஞாபகம் வந்து, தொட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தைக்குக் கோபம். அவர்களை எதிர்த்து நான் பேசியது இதுதான் முதல் தரம். அதுவும் என் வயிற்றுக்காகத்தான் பேசினேன், உங்களுக்காக இல்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மதி


கட்கி
23.9.1998

மதிக்கு,

நாங்கள் நலம். இந்தக் கடிதம் வரும்போது நீ பிள்ளையும் கையுமாக இருப்பாய். நல்லபடியாகப் பிழைத்து எழுந்து வா. அதுதான் முதலில்.

பதில் போடாததற்குக் காரணம் வேலை இல்லை, உடம்பு இல்லை. கோபம். உன் மேல் கோபம் இல்லை என்றெல்லாம் எழுத மாட்டேன், இருக்கிறது. இரண்டு தரம் எழுத உட்கார்ந்தேன், இரண்டு தரமும் எழுதக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. கிழித்துப் போட்டேன்.

ஏன் உண்மையை எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாய். என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்து அழுதுகொண்டிருக்காதே. உனக்குச் சொல்கிறேன், இவருக்குக் கூடத் தெரியாது. குழந்தை உட்கார்ந்திருக்கிறது, கால் கீழே இருக்கிறது என்று நீ ஆகஸ்டில் எழுதினாய் இல்லையா? அதைப் படித்ததும் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. நம் வீட்டில் என்னை மாதிரி இன்னொன்று வரப்போகிறது என்று சந்தோஷம். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் கடிதத்தை வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறேன். பயப்படாதே என்று உனக்கு எழுதினேனே, அப்போது பயம் உனக்கு மட்டும்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரிதான் அம்மா கிடந்த கிடப்பு ஞாபகம் வந்தது. அவள் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் துணை வேண்டும் என்பதற்காக நீ அப்படிக் கிடந்தாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் நான் நினைத்த மாதிரிதானே அது? சீ என்று ஆகிவிட்டது. பிறகு தம்பி கடிதம் வந்தது. நான் மிதித்ததால்தான் என்று அம்மா சொல்கிறாள் என்று படித்ததும், சொல்லட்டும், எனக்கு இது வேண்டியதுதான் என்று இருந்தது. அதனால்தான் ஒத்துக்கொண்டேன். உனக்காக இல்லை.

நீ அம்மாவிடம் உண்மையைச் சொல்லு, சொல்லாமல் போ. அது உன்பாடு. நான் கேட்கப் போவதில்லை.

அம்மாவின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ சொன்னதை நம்பினாள். அவள் பட்ட பாட்டுக்கு யார் சொன்னாலும் நம்பத்தான் செய்வாள்.

அந்த வளையலைப் போட்டுக்கொள். பெட்டியில் வைக்க நான் வாங்கவில்லை.

அபிதா


கலசப்பாக்கம்
5.10.1998

அண்ணிக்கு மதி எழுதுவது.

பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். உங்கள் தம்பி போனில் சொல்லியிருப்பார். தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது, உட்கார்ந்து எழுத முடியவில்லை, ஒருக்களித்துப் படுத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். அவள் நன்றாக இருக்கிறாள். உள்ளே உட்கார்ந்திருந்த பழக்கத்தில் இன்னும் இரண்டு காலையும் மடக்கி முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொள்கிறாள். சில நாளில் சரியாகிவிடுமாம்.

உங்கள் கடிதம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கிடைத்தது. நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள் என்று எழுதியிருந்ததைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை அண்ணி. அழுகைதான் வந்தது. நீங்கள் மனதில் நினைத்ததற்கே இவ்வளவு கூசுகிறீர்கள். நான் வாயால் சொல்லிவிட்டு வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, ஆஸ்பத்திரியிலேயே. அத்தை குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த ராஜம்மாள் அத்தை, "எப்பிடியோ அந்தக் கால் தோஷத்துலேருந்து தப்பிச்சிது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் படியிறங்கும்வரை பொறுத்திருந்து, "அத்தை, அண்ணி தானா மிதிக்கல. நான்தான் கெஞ்சினேன். வேணாம்னு சொன்னதா நான் சொன்னது பொய்" என்றேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அத்தை தட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்கள்.

கண்ணைத் திறந்தேன். "அவ தானாப் போயி யாரையும் மிதிச்சவ இல்ல. தெருவே கெஞ்சிகினு நிக்கும், இவ முகத்தத் தூக்கி வச்சிகினு வருவா. பெத்தவளுக்குத் தெரியாதா? அன்னிக்கு நீ சொல்லும்போதே தெரியும்" என்றார்கள்.

"அப்புறம் ஏன் அத்தை வரவேணாம்னு எழுதச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வேற என்ன பண்ணச் சொல்ற? மாசமா இருக்கிற மருமவள நாலு பேருக்கு எதிர்ல பொய்க்காரின்னு சொல்லவா? உங்க வூட்டு ஆளுங்க சும்மா வுடுவாங்களா? எனக்கும் பயம்தான், அவ கால நெனச்சா இன்னிக்கும் ஒடம்பு நடுங்குது. யாராச்சும் ஒருத்தி தாங்கித்தான் ஆவணும். அவ எம்பொண்ணு, தாங்கிக்குவா" என்றார்கள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத அவகிட்ட எழுதி வைக்காத" என்றார்கள்.

எழுதக்கூடாது என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன். ஆனால் உங்களிடம் இனி எதையும் மறைக்கக்கூடாது என்று குழந்தை மேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு உங்களை அழைக்கச் சொல்லி அத்தை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வாருங்கள் அண்ணி. குழந்தைக்கு நீங்கள்தான் பேர் வைக்க வேண்டும்.

பச்சை வளையலைப் போட்டுக்கொண்டேன்.

மதி


கட்கி
13.10.1998

மதிக்கும் குழந்தைக்கும் ஆசீர்வாதம்.

நாங்கள் மூவரும் நலம். தையல் ஆறும்வரை குனிந்து எதையும் தூக்காதே. தண்ணீர் நிறையக் குடி. குழந்தையின் கால் தானாக இறங்கும், யாரும் பிடித்து இழுத்து நீவ வேண்டாம் என்று நர்ஸ் அம்மாள் சொல்லச் சொன்னாள்.

நீ உண்மையைச் சொல்லிவிட்டாய். நல்லது. உன் மேல் இருந்த கோபம் உன் கடிதத்தின் பாதியிலேயே போய்விட்டது. மீதிப் பாதியை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். உன்னைக் குறை சொல்லவில்லை, மறைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் எழுதத்தான் செய்வாய்.

அம்மா நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்த மனுஷி, பட்டவள், நம்பிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் இந்த இரண்டு மாதத்தையும் ஓட்டினேன். இப்போது அவளுக்குத் தெரியும் என்கிறாய். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது மதி?

இவரிடம் சொல்ல முடியவில்லை. உன் கடிதத்தை நானே படித்து மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். தம்பி பெண்டாட்டி பொய் சொன்னாள் என்று புருஷனிடம் சொல்லலாம். என்னைப் பெற்றவள் தெரிந்தே செய்தாள் என்று எந்த வாயால் சொல்வேன்? நேற்றுக் கூட இவர், "பாவம் உங்கம்மா, வயசானவங்க, நம்பிட்டாங்க" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

தம்பி போன் செய்து தீபாவளிக்குக் கூப்பிட்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு என்னிடம் பேசத் தைரியம் இல்லை போலிருக்கிறது, அவனிடமிருந்து போனை வாங்கவில்லை.

பானு மட்டும் விடுவதாக இல்லை. வளைகாப்புக்கு ஏன் நம்மளைக் கூப்பிடலை, ஆயாவுக்கு நம்ம மேல என்ன கோபம் என்று துளைத்துக்கொண்டே இருந்தாள். ஆயாவுக்குக் கோபமெல்லாம் இல்லை, யாரோ எதையோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள், ஆயாவுக்கு உண்மை தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அபிதகுசாம்பாள்